அலுமினியம் பிளாக்கில் ஆஃப்டர்மார்க்கெட் ஸ்டட்: எத்தனை டார்க்கில் இறுக்குவது?

மரை உருவிக்கொண்டு வந்த ஸ்டட்டை (தலையில்லாமல் இரண்டு முனையிலும் மரையுள்ள போல்ட்) கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்டட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் பள்ளங்களில் வெள்ளியாய்ச் சுருண்டு நிற்பது பிளாக்கின் அலுமினியம். "ஸ்டட்டு ஸ்ட்ராங்கு, பத்து சேர்த்தே போடு" என்று சொல்லி இறுக்கியதன் பலன் இது. ஸ்டட்டின் பலம் ஒரு கணக்கு, பிளாக்கின் பலம் வேறொரு கணக்கு. இறுக்கும் டார்க்கை (முறுக்கு விசையை) இரண்டில் சின்னதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கார் ஹெட் ஸ்டட்டுக்கும் பைக் கிராங்க்கேஸில் பேரலை (சிலிண்டரை) பிடிக்கும் ஸ்டட்டுக்கும் முறை ஒன்றே.

முன்பே கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல், ஆழம் அளக்கும் வால் உள்ள வெர்னியர், மரை அளக்கும் பிட்ச் கேஜ், நேர்விளிம்பு, டார்க் ரென்ச், பெயின்ட் மார்க்கர், மாலி கிரீஸ் (மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ்), பிரேக் கிளீனர், காற்றுக்கு கம்ப்ரசர்.

டார்க் ரென்ச்சின் அளவெல்லையைக் கவனியுங்கள். 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் ரென்ச்சில் 32 வைத்து இறுக்கினால் அந்த எண்ணை நம்ப முடியாது. கிளிக் ரென்ச் தன் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்டட் வேலைக்கு 10 முதல் 60 வரை உள்ள சின்ன ரென்ச் தனியாக வேண்டும். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள்.

1. ஸ்டட்டின் தரத்தைப் படியுங்கள்

நல்ல ஸ்டட்டின் நுனியில் தரம் பொறித்திருக்கும். எண் போட இடமில்லாத சின்ன ஸ்டட்டில் குறி இருக்கும்: வட்டம் என்றால் 8.8, சதுரம் 10.9, முக்கோணம் 12.9. நிரந்தரமாக நீளாமல் தாங்கும் அழுத்தம் 8.8-க்கு 580, 10.9-க்கு 830, 12.9-க்கு 970 மெகாபாஸ்கல்.

குறியே இல்லாவிட்டாலும், லேத்தில் ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியைக் கடைந்து எடுத்ததாக இருந்தாலும், அதை 8.8 என்று கணக்கில் எடுக்காதீர்கள். ஒரிஜினல் கிடைக்காத பழைய வண்டிக்கு லேத்துப் பட்டறையில் ஸ்டட் போட்டு வாங்குவது நம் ஊரில் சகஜம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அது போதும். ஹெட்டுக்குப் போதாது. கடைந்து வெட்டிய மரையின் அடிப்பள்ளம் கூர்மையாக இருக்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உருட்டி எடுத்த மரையில் அந்தக் கூர்மை இல்லை.

இரண்டு முனைகளின் மரையையும் பிட்ச் கேஜில் பாருங்கள். பெரும்பாலும் பிளாக் பக்கம் பெருமரை, நட் பக்கம் நுண்மரை. எம்10 (10 மி.மீ. விட்டம்) ஸ்டட்டில் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.5, 1.25 மி.மீ. என்று இருக்கும். தலைகீழாகத் திருகினால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு அலுமினியத்தை அறுத்துக்கொண்டு போகும். அதுவும் கைக்கு "நல்லா டைட்டாப் போகுது" என்றே தோன்றும்.

2. துளையைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு அளங்கள்

சுத்தம் செய்வதற்கு முன் அளந்தால் அடியில் கிடக்கும் கரியையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள்.

மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப்பை விடாதீர்கள். அது அழுக்கோடு அலுமினியத்தையும் சீவிவிடும், மரை தளர்ந்துவிடும். அதே அளவுள்ள பழைய போல்ட்டில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் போட்டு, பிசிரை அரத்தால் தேய்த்து, அதை எண்ணெயோடு கையால் திருகி இறக்குங்கள். அழுக்கு பள்ளத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு பிரேக் கிளீனர், பிறகு காற்று. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குருட்டுத் துளையில் (அடி மூடிய துளை) காற்றடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் நேரே முகத்துக்கு வரும்.

இனி மரை பிடிக்கும் நீளம். ஸ்டட்டைக் கையால் திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 1.5 பிட்ச்சில் 16 சுற்று என்றால் 24 மி.மீ. ஸ்டட் நுனியின் சரிவுக்கும் துளை வாயின் சரிவுக்கும் 2 மி.மீ. கழித்தால் உண்மையான பிடிப்பு 22 மி.மீ. எஃகுக்குள் எஃகு என்றால் விட்டத்தின் அளவு பிடிப்பே போதும். அலுமினியத்தில் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும். எம்10-க்கு 20, எம்8-க்கு 16 மி.மீ. அது இல்லையென்றால் அந்த ஸ்டட் நீளம் உங்கள் பிளாக்குக்கு ஆகாது, மாற்றுங்கள்.

துளை வாயைச் சுற்றி நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முன்பே அதிகமாக இறுக்கியிருந்தால் வாயைச் சுற்றி உலோகம் லேசாகப் புடைத்திருக்கும். முதல் மரை மேலே இழுபட்டிருக்கிறது என்று பொருள். வாயில் ஒரு மரை அளவுக்குச் சரிவு வெட்டிப் புடைப்பை எடுத்துவிட்டு, பிடிப்பு நீளத்தை மறுபடி கணக்கிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தோல் பதனிடும் பகுதிகளில் பல இடங்களின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய அலுமினிய பிளாக்கில், வாட்டர் ஜாக்கெட்டுக்கு (பிளாக்குக்குள் கூலன்ட் ஓடும் வழி) திறக்கும் ஸ்டட் துளைகள் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும். வாயில் மரை பளபளப்பாக இருக்கும், அடியில் பாதி இருக்காது. சின்ன டார்ச்சை விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் அரிப்புதான். அந்த நீளத்தைப் பிடிப்பில் சேர்க்கக் கூடாது.

3. டார்க் எண்ணைப் பிடிவிசையாக மாற்றுங்கள்

நமக்கு வேண்டியது டார்க் அல்ல, ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் விசை. நட்டில் நாம் போடும் டார்க்கில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. சுமார் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், மீதி மரை உராய்விலும் தீர்ந்துவிடும். அதனால் எண்ணெய் மாறினாலே பிடிவிசை மாறிவிடும்.

கணக்கு இது:

டார்க் = உராய்வு எண் × விட்டம் × பிடிவிசை

விட்டத்தை மி.மீ.யிலும் விசையை கிலோநியூட்டனிலும் போட்டால் விடை நியூட்டன் மீட்டரில் வரும். உராய்வு எண் காய்ந்த எஃகு மரைக்குச் சுமார் 0.20, இன்ஜின் ஆயிலுக்கு 0.15, மாலி கிரீஸுக்கு 0.12. ஸ்டட் கம்பெனி தன் கிரீஸுக்கென்று ஓர் எண் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள்.

4. கீழ் எல்லை: ஒரிஜினல் எவ்வளவு பிடித்ததோ அது

எம்10 ஹெட் போல்ட்டுக்கு மேனுவல் "ஆயில் தடவி 40 நியூட்டன் மீட்டர்" என்று சொல்வதாக எடுத்துக்கொள்வோம். பிடிவிசை = 40 ÷ (0.15 × 10) = 26.7 கிலோநியூட்டன். கேஸ்கெட் இந்த விசைக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. இதற்குக் கீழே போனால் கேஸ் கசியும்.

அதே விசையை மாலி கிரீஸ் தடவிய ஸ்டட்டில் பெற 0.12 × 10 × 26.7 = 32 நியூட்டன் மீட்டர் போதும். மேனுவலில் 40 இருக்கிறதே என்று மாலி கிரீஸோடு 40 போட்டால் பிடிவிசை 33-ஐத் தாண்டிவிடும். புதிதாக ஸ்டட் மாட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

அலகிலும் ஏமாற வேண்டாம். பழைய மேனுவலில் 4.1 என்று இருந்தால் அது கிலோகிராம் மீட்டர், 9.81-ஆல் பெருக்கினால் 40. இறக்குமதி ஸ்டட்டின் காகிதத்தில் அடி-பவுண்டு இருக்கும், 1.356-ஆல் பெருக்குங்கள். நியூட்டன் மீட்டரில் சொன்ன 40-ஐ ரென்ச்சின் அடி-பவுண்டு பக்கத்தில் வைத்தால் விழுவது 54.

மேனுவல் டார்க்கோடு "இன்னும் 90 டிகிரி" என்று கோணமும் சொன்னால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த போல்ட் பெரும்பாலும் நீளும் எல்லைக்கே இழுத்து மாட்டப்படுவது. அதன் உண்மையான பிடிவிசை ஆரம்ப டார்க் காட்டுவதைவிட மிக அதிகம். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு, அந்த இன்ஜினுக்கென்றே செய்த ஸ்டட் செட்டை வாங்கி, கூட வரும் காகிதத்தின் டார்க்கை அவர்கள் கொடுத்த கிரீஸோடு போடுங்கள். அளவு ஒத்துப்போகிறது என்று பொது ஸ்டட்டை மாட்டி எண்ணை ஊகிக்காதீர்கள்.

5. மேல் எல்லை: அலுமினிய மரை தாங்குவதில் பாதி

மரை அறுபடும் பரப்பு = 3.14 × விட்டம் × பிடிப்பு நீளம் × 0.7. நம் எம்10, 22 மி.மீ. பிடிப்புக்கு இது 484 சதுர மி.மீ. வார்ப்பு அலுமினியத்தின் இழுவலிமை கலவையையும் ஹீட் ட்ரீட்மென்ட்டையும் பொறுத்து மாறும். பிளாக் எந்தக் கலவை என்று தெரியாதபோது 200 மெகாபாஸ்கல் என்று அடக்கமாக எடுங்கள். அறுபடும் வலிமை அதில் 0.6 பங்கு, 120. ஆக மரை 484 × 120 = 58 கிலோநியூட்டனில் உருவும். அதில் பாதி 29.

ஏன் பாதி? டார்க் ரென்ச்சை நம்பி இறுக்கும்போது, உராய்வு ஒரே மாதிரி இல்லாததால், உண்மையான விசை 30 சதவீதம் வரை கூடக் குறைய விழும். அதன் மேல் சூடு வேறு கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஏற்றும் (கணக்கு 6-ஆம் பகுதியில்). இரண்டும் ஒன்றாகக் கூடினால் 1.3 × 1.3, கிட்டத்தட்ட 1.7 மடங்கு. 29-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 49. உருவும் 58-க்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தின்ன வேண்டாம்.

இப்போது கையில் ஒரு பட்டை இருக்கிறது: 26.7 முதல் 29 கிலோநியூட்டன். மாலி கிரீஸில் 32 முதல் 35 நியூட்டன் மீட்டர். கீழ் முனையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

அதே எம்10×1.25 ஸ்டட் 12.9 தரம் என்றால், அதன் தாங்குதிறனில் முக்கால் பங்கு 44.5 கிலோநியூட்டன், மாலி கிரீஸில் 53 நியூட்டன் மீட்டர். ஸ்டட் இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். பிளாக் தாங்காது, அலுமினியத்துக்கான எல்லையைவிட இது ஒன்றரை மடங்கு. பொது ஸ்டட்டின் பாக்கெட்டில் உள்ள டார்க் பெரும்பாலும் இந்த வகை எண்தான்.

பைக் கிராங்க்கேஸில் எம்8, 18 மி.மீ. பிடிப்பு என்றால் பரப்பு 317, உருவும் விசை 38, பாதி 19. மாலி கிரீஸில் 18, இன்ஜின் ஆயிலில் 23 நியூட்டன் மீட்டர்தான் உச்சி.

கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டால்? பிடிப்பு நீளம் போதவில்லை அல்லது மரை கெட்டிருக்கிறது. டர்போ மாட்டியதற்காக அதிகப் பிடிவிசை வேண்டும் என்பவர்களுக்கும் பதில் அதுவே: நீளமான பிடிப்பு, இன்சர்ட் (துளைக்குள் திருகி வைக்கும் எஃகு மரை), அல்லது பெரிய ஸ்டட். டார்க்கை ஏற்றுவது வழியல்ல.

6. சூட்டைக் கணக்கில் சேருங்கள்

ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும், எஃகு 0.012. 100 மி.மீ. நீளமுள்ள ஸ்டட், இன்ஜின் 30-லிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது, தன் விருப்பத்துக்கு மேல் 0.066 மி.மீ. இழுபடுகிறது. குளிர்ந்த நிலையில் 26.7 கிலோநியூட்டனுக்கு அது நீண்டிருந்ததே சுமார் 0.21 மி.மீ.தான். கேஸ்கெட்டும் ஹெட்டும் கொஞ்சம் அமுங்கி ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி ஸ்டட்டுக்கும் பிளாக் மரைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வேலூரில் கத்தரி வெயிலில் வெளியே கிடந்த பிளாக் கை வைக்க முடியாமல் கொதிக்கும். 60 டிகிரி பிளாக்கில், நிழலில் இருந்து எடுத்த 30 டிகிரி ஸ்டட்டை இறுக்கினால், பிளாக் ஆறும்போது 100 மி.மீ.க்கு 0.069 மி.மீ. சுருங்கி, பிடிவிசையில் மூன்றில் ஒரு பங்கு வரை காணாமல் போகும். எனவே பிளாக், ஹெட், ஸ்டட் மூன்றையும் முந்தைய இரவே ஒரே கூரைக்குக் கீழ் வைத்துவிட்டுக் காலையில் இறுக்குங்கள்.

7. ஸ்டட்டைப் பிளாக்கில் இறக்குதல்

விரலால் திருகி, முட்டியதும் நிறுத்துங்கள். அதிகம் போனால் ஆலன் கீயால் மெல்லத் தொட்டு உட்கார வையுங்கள். அடியில் போட்டு நெரித்தால் ஸ்டட் ஆப்பு போல வேலை செய்து துளையின் அடியைப் பிளக்கும். ஸ்டட்டின் பயனே, இறுக்கும்போது அது சுழலாமல் அலுமினிய மரை நேர் இழுப்பை மட்டும் வாங்குவதுதான். அதை இரண்டு நட் போட்டு முறுக்கி இறக்கினால் அந்தப் பயன் போச்சு.

குருட்டுத் துளையில் எண்ணெய் ஒரு சொட்டு கூடத் தேங்கக் கூடாது. ஸ்டட் இறங்கும்போது எண்ணெய்க்குப் போக வழி இல்லாமல் பிளாக் வெடிக்கும்.

வாட்டர் ஜாக்கெட்டுக்குத் திறக்கும் துளைகளில் மட்டும் திரெட் சீலன்ட். மற்றவற்றில் லேசான எண்ணெய்ப் பூச்சு போதும். திரெட் லாக் தடவச் சொல்லியிருந்தால், அது இறுகும் முன்பே ஹெட்டை ஏற்றி நட்டைக் கடைசி டார்க் வரை கொண்டுபோய்விட வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நிற்கும் ஸ்டட் அப்போதுதான் ஹெட் துளைக்கு ஏற்ப நேராகும்.

8. வாஷரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

எம்10 நட் வாஷர் இல்லாமல் உட்காரும் பரப்பு சுமார் 114 சதுர மி.மீ. 26.7 கிலோநியூட்டனில் அலுமினிய ஹெட் மேல் 234 மெகாபாஸ்கல் அழுத்தம்; அலுமினியம் அமுங்கும், பிடிவிசை தளரும். 20 மி.மீ. கடின வாஷர் போட்டால் பரப்பு 227, அழுத்தம் பாதியாகும். கடையில் கிலோ கணக்கில் விற்கும் மெல்லிய வாஷர் கிண்ணம் போல் வளைந்துவிடும். ஸ்பிரிங் வாஷருக்கு ஹெட்டில் வேலையே இல்லை.

9. இறுக்கும் முறை

மாலி கிரீஸை நட் மரையிலும், நட்டின் அடிப்பரப்பிலும், வாஷரின் மேல் முகத்திலும் தடவுங்கள். மரைக்கு மட்டும் தடவி அடிப்பரப்பை விட்டுவிடுவது பரவலான தவறு. உராய்வில் பெரும் பங்கு அங்கேதான். வாஷரின் கீழ் முகம் காய்ந்தே இருக்கட்டும், வாஷர் சுழலக் கூடாது.

புது நட், புது ஸ்டட் என்றால் பழைய கேஸ்கெட்டை வைத்து இரண்டு முறை இறுக்கிக் கழற்றுங்கள். மரையின் சொரசொரப்பு தேய்ந்து உராய்வு ஒரே சீராகும். பிறகு புது கேஸ்கெட்.

மூன்று சுற்று: 13, 23, 32. ஒவ்வொரு சுற்றிலும் மேனுவல் வரிசைப்படி, வரிசை இல்லையென்றால் நடுவில் தொடங்கி மாறி மாறி வெளியே. ஒரே சுற்றில் முழு டார்க் போட்டால் முதலில் இறுக்கிய ஸ்டட் கடைசியில் தளர்ந்திருக்கும், ஏனென்றால் பக்கத்து நட் இறங்கும்போது கேஸ்கெட் அமுங்குகிறது.

நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். பாதியில் நின்றுவிட்டு மறுபடி இழுத்தால் நின்ற உராய்வை ஜெயிக்கவே டார்க் செலவாகி, நட் நகராமலே கிளிக் வரும். அப்படி நின்றால் அரைச் சுற்று தளர்த்தி மீண்டும் இழுங்கள். கிளிக் ஒரு முறை போதும். "எதுக்கும் இன்னொரு கிளிக்" என்பது கூடுதல் டார்க்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் நட்டுக்கும் வாஷருக்கும் சேர்த்து பெயின்ட் கோடு போடுங்கள். மூன்றாவது சுற்றில் எல்லா நட்டும் ஏறத்தாழ ஒரே கோணம் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் திரும்பி, டார்க் ஏறாமல் வெண்ணெய் போலப் போனால், மரை உருவத் தொடங்கிவிட்டது. உடனே நிறுத்துங்கள்.

10. மரை தளர்ந்தால்

கொஞ்சம் டார்க்கைக் குறைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம். நகர்ந்த அலுமினியம் திரும்பிப் பழைய இடத்துக்கு வராது, சூட்டில் மேலும் நகரும்.

ஹெட்டைக் கழற்றி ஹெலிகாயில் (கம்பிச்சுருள் வடிவ இன்சர்ட்) போடுங்கள். எம்6-க்கு 6.3, எம்8-க்கு 8.3, எம்10-க்கு 10.4 மி.மீ. டிரில். ஹேண்ட் டிரில் வேண்டாம், துளை சாய்ந்தால் ஸ்டட்டும் சாயும். மில்லிங் மெஷினோ ரேடியல் டிரில்லோ உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். காயில் நீளம் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. காயிலின் மேல் முனை டெக் (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்முகம்) மட்டத்துக்குக் கீழே அரை மரை அளவாவது இறங்கி இருக்க வேண்டும்.

காயிலைத் திருகி இறக்க உதவும் நுனிக் கொக்கியை உடைத்ததும் வெளியே எடுங்கள். அது ஸ்டெயின்லெஸ், காந்தத்தில் ஒட்டாது என்பதால் பலர் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஸ்டட் அதன் மேல் முட்டி, பிடிப்பு நீளம் குறையும்.

எம்10 காயிலின் வெளி மரை கிட்டத்தட்ட 12 மி.மீ. என்பதால் அலுமினியத்தில் பிடிக்கும் பரப்பு மி.மீ.க்கு ஐந்தில் ஒரு பங்கு கூடும். கெட்டது ஒரு துளைதான் என்றாலும், அரிப்பால் கெட்டிருந்தால் எல்லாத் துளைக்கும் போட்டுவிடுவது நல்லது. அடுத்தடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றும் கூலிக்கு அது மலிவு.

11. ஓட்டிப் பார்த்த பின்

முதலில் நின்ற இடத்தில் சூடாக்கி முழுக்க ஆறவிடுங்கள். பிறகு சுமை வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரி ஏற்றம் போல ஏதாவது ஒரு மலைச் சாலை போதும். கூலன்ட் மட்டம், ஹெட் ஓரத்தில் எண்ணெய் ஈரம், ரேடியேட்டரில் குமிழ் மூன்றையும் இறங்கி வந்ததும் பாருங்கள்.

பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு மறுபடி இறுக்கத் தேவையில்லை. காம்போசிட் கேஸ்கெட் என்றால், இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு நட்டைக் கால் சுற்று தளர்த்தி அதே 32-க்குக் கொண்டுவாருங்கள். தளர்த்தாமல் மேலே கிளிக் வாங்கினால் அது ஒட்டிக்கொண்ட நட்டின் உராய்வைத்தான் அளக்கும். சூடான இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. சூட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கும் இழுப்பின் மேல் கை வைப்பதாகும்.

முடிவு செய்த டார்க், பயன்படுத்திய கிரீஸ், பிடிப்பு நீளம், தேதி ஆகியவற்றை வால்வு கவரின் உட்புறத்தில் அழியாத மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்து திறப்பவர் கையில் இன்ஜின் ஆயில்தான் இருக்கும், அவர் 32-ஐ அப்படியே போட்டால் பிடிவிசை 21-க்கு இறங்கிவிடும்.